ஜூலை ஆறாம் தேதிப் பால்

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் சாலையில் என் மாமியாரின் காப்பிக் கடை இருக்கிறது. பலகையில் 'சண்முகசுந்தரி காப்பி கிளப்' என்று எழுதியிருக்கும். சண்முகசுந்தரி அவருடைய ஒரே மகள். என் மனைவி. 1961 ஐப்பசியில் இறந்தாள். காய்ச்சல், ஒன்பது நாள்.

நான் சொல்லப்போவது அதற்கடுத்த வருஷத்துச் சீசனில் நடந்தது.

கடைக்குள் நுழைந்தால் வலப்பக்கச் சுவரில் நான்கு படங்கள். குற்றாலநாதர், குழல்வாய்மொழி அம்மை, திருச்செந்தூர் முருகன். நான்காவது, கண்ணாடி போட்ட ஒரு தாள். வெள்ளிக்கிழமைதோறும் மற்ற மூன்றுக்கும் நடப்பது இதற்கும் நடக்கும். சந்தனம், குங்குமம், அரை முழம் பிச்சிப்பூ. குங்குமம் வழிந்து கண்ணாடியின் கீழ் ஓரம் சிவந்து கிடக்கும்.

அது சென்னையிலிருந்து வந்த பால் பரிசோதனை அறிக்கை. 1960 ஜூலை ஆறாம் தேதி சுகாதார இன்ஸ்பெக்டர் கடையில் எடுத்துப்போன பாலுக்கு உரியது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்கும். கொழுப்பு நாலு புள்ளி ஒன்று. மற்றத் திடப்பொருள் எட்டு புள்ளி ஏழு. தண்ணீர் கலந்த அறிகுறி இல்லை. நான்தான் மனுப்போட்டு நகல் வாங்கினேன். நான்தான் அத்தைக்கும் சுந்தரிக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. இவ்வறிக்கை பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே உரியது. அந்த வரியை நான் படிக்கவில்லை. இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். "உங்க பால் நல்ல பால்னு சர்க்கார் எழுதியிருக்கு" என்று முடித்துவிட்டேன்.

மறுநாளே அத்தை அதற்குக் கண்ணாடி போட்டுவிட்டார்.

அதன் பிறகு யார் எது கேட்டாலும் அத்தையின் கை அந்தச் சுவரைக் காட்டும். வடை நேற்றையதா என்று கேட்டால் சுவர். சட்னி ஏன் புளிக்கிறது என்று கேட்டால் சுவர். "கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. பெறவு ஒமக்கு என்னவே?" என்பார். அடுத்த கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் அகமது கபீர், அந்தத் தாளில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரே சுவர். சீட்டு அந்தச் சுவத்துலதான் தொங்குது. அப்ப என் பழமும் பாஸ்தான?"

"ஒம் பழத்துக்கு வேணும்னா ஆணியத் தாரேன். கொண்டு போ."

நான் தென்காசியில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மலையான் தெருவில் ஒரு அறை. சுந்தரி போன பிறகும் தினமும் காலை முதல் பஸ்ஸில் குற்றாலம் போய், அத்தை கையால் ஒரு காப்பி குடித்துவிட்டு, ஏழரை பஸ்ஸில் பள்ளிக்குத் திரும்புவேன். ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. டம்ளரை வைப்பார். குடிப்பேன். எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

ஜூலை மூன்றாம் சனிக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அப்துல் மஜீது என்று பெயர் சொன்னார். முப்பது வயது இருக்கும். லைசென்ஸைக் கேட்டார். அத்தை சுவரைக் காட்டினார்.

அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார். பூவை விலக்கிவிட்டுத் தேதியைப் பார்த்தார்.

"இது லைசென்ஸ் இல்லம்மா."

"லைசென்ஸ விடப் பெருசுய்யா. மெட்ராஸ்ல இருந்து வந்தது."

"லைசென்ஸ் வேற, இது வேற. லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். இது ரெண்டு வருஷத்துக்கு முன்னால எடுத்த பாலுக்கு வந்த ரிப்போர்ட்டு."

அத்தை தகரப் பெட்டியிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தையின் குரல் மாறிவிட்டது.

"ரெண்டு வருசமானா என்னய்யா? நல்ல பால்னு எழுதுனது எழுதுனதுதான?"

"அந்தப் பால் நல்ல பாலு. அதக் குடிச்சவங்க குடிச்சிட்டுப் போயிட்டாங்க. சீசனுக்கு எல்லாக் கடையிலயும் மறுபடி சாம்பிள் எடுக்கோம். உங்க கடைக்கும் வருவேன். ஒரு வாரத்துக்குள்ள, சொல்லாம வருவேன்."

அத்தை அடுப்பை விட்டு வெளியே வந்தார். கையில் கரண்டி இருந்தது.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணுன பிள்ளையத் திரும்ப வந்து பரீட்சை எழுதும்பாங்களா? எங்கயாவது உண்டுமா? அப்ப எங்க மேல சந்தேகம்னுதான அர்த்தம்? நா சாம்பிள் தரமாட்டேன்."

"தரமாட்டேன்னா கேஸ் ஆயிரும்மா. லைசென்ஸ் போயிரும். பலகையக் கழட்டச் சொல்லிருவாங்க." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க ஹைஸ்கூல் அய்யாத்துரை சார்தான? எடுத்துச் சொல்லுங்க சார்."

போய்விட்டார்.

அத்தை வெளியே போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். மழையில் நனைந்துகொண்டே நின்றார். அந்தப் பலகையை எழுதியவர் தென்காசிப் பெயிண்டர். சுந்தரி பிறந்த வருஷம் எழுதியது. வருஷாவருஷம் சீசனுக்கு முன் அத்தை அதற்கு மட்டும் புது வர்ணம் அடிப்பார். அந்த வருஷமும் அடித்திருந்தார். வேறு எதுவும் செய்ய மனமில்லாத வருஷத்தில் அதை மட்டும் செய்திருந்தார்.

"இந்தப் பேரு கீழ எறங்கிச்சுன்னா நா ஏன் மாப்ள இங்கன நிக்கணும்?" என்றார்.

"இறங்காது அத்தை. சாம்பிள் கொடுத்திருவோம்."

"குடுத்தா அவ வாங்குன பேரு?"

பதில் நான் படிக்காமல் விட்ட அந்தக் கடைசி வரியில் இருந்தது. ஏழரை பஸ் வந்துவிட்டது.

சுந்தரி அந்தப் பெயரை எப்படி வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான் அவளுக்கு ஒரு லாக்டோமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். பாலில் போட்டால் மிதக்கும். தண்டில் கோடுகள் இருக்கும். பாலில் தண்ணீர் இருந்தால் அதிகம் முங்கும், எண் குறையும். புடவை வாங்கிக் கொடுத்ததற்கு வராத சிரிப்பு அதற்கு வந்தது. நாங்கள் தென்காசியில் இருந்தாலும் காலை முதல் பஸ்ஸில் அவள் கடைக்கு வந்துவிடுவாள். பால் வந்த பிறகு மீட்டரைப் போட்டுப் பார்த்து, அடுப்புக்குப் பின்னால் ஒரு சிலேட்டில் எண்ணை எழுதுவாள். இருபத்தாறுக்குக் கீழே போனால் பால் திரும்பிப் போகும். இரண்டு வருஷத்தில் அவள் தவறவிட்ட நாள் இல்லை. காய்ச்சல் கண்ட முதல் நாள்கூட எழுதியிருந்தாள். இருபத்தெட்டு.

பதினாறாம் நாள் முடிந்து அவள் சாமான்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தேன். மீட்டரும் அதற்குள் போயிற்று. அத்தை கேட்கவில்லை. நான் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. மீட்டர் ஒரு பழைய ரவிக்கைத் துணிக்குள் இருந்தது. உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அருவியில் நல்ல தண்ணீர். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம். குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். கடைமுன் முப்பது பேர் காப்பிக்கு நின்றார்கள். இலஞ்சிப் பால்காரர் பலவேசம் அப்போதுதான் குடத்தை இறக்கினார். அத்தை ஊற்றப் போனார்.

"அத்தை, ஒரு நிமிஷம்."

உயரமான பித்தளைச் செம்பில் பாலை நிரப்பி மீட்டரை விட்டேன். அத்தை மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

இருபத்தொன்று.

நன்றாகக் கலக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்தொன்று.

"எம்புட்டு?" என்றார் அத்தை.

சொன்னேன். அவர் பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏலே பலவேசம், தண்ணி ஊத்திருக்கியா?"

"சாரல் நேரம்லா ஆச்சி. மாடு நனைஞ்சுக்கிட்டே நிக்கி. பால் கொஞ்சம் எளகித்தான் இருக்கும்."

"மழை மாட்டு மேல பெய்யுதா, மாட்டுக்குள்ள பெய்யுதா?"

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பலவேசம் சிரிக்கவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆச்சி, உள்ளதச் சொல்லிருதேன். சுந்தரி இருக்க மட்டும் ஒரு சொட்டு கலந்ததில்ல. அந்தக் கொழாயப் போட்டுக் கண்டுபிடிச்சிரும். பெறவு யாரும் போடல. மொத மாசம் ஒரு செம்பு ஊத்துனேன். ஒண்ணும் சொல்லல நீங்க. பெறவு ரெண்டு." சுவரைக் காட்டினார். "அந்தச் சீட்டு இருக்குல்லா. அது இருக்கக் கடையில எத ஊத்துனாலும் பாசான பால்தானன்னு நெனச்சேன்."

அதை அவர் ஏமாற்றிப் பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார். நானும், கடைசி வரியைத் தெரிந்துவைத்துக்கொண்டே, அப்படித்தான் இருந்திருந்தேன். எட்டு மாதமாக அந்தக் காப்பியைத் தினமும் குடித்திருக்கிறேன். வேதியியல் வாத்தியார். ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லை.

"காப்பியில திடம் கொறையுதுன்னு எனக்குத் தெரிஞ்சது மாப்ள," என்றார் அத்தை மெதுவாக. "டிகாசனக் கூட்டிக் கூட்டிப் பாத்தேன். என் கைதான் போச்சுன்னு நெனச்சேன். பாலச் சந்தேகப்படல. அதுக்குத்தான் சீட்டு இருக்கேன்னு."

வெளியே ஒருவர், "ஏம்மா, குளிரு தாங்கல. காப்பி வருமா வராதா?" என்று கத்தினார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார், ஞாயிறு. சீசனில் ஒரு ஞாயிறு என்பது மற்ற மாதங்களில் ஒரு வார வியாபாரம். அந்தப் பாலை ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எட்டு மாதமாகத் தெரியவில்லை.

அத்தை குடத்தை இடுப்பில் தூக்கினார். சாலையோரத்து வாய்க்காலுக்குப் போனார். கவிழ்த்தார். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் ஓடி மழைத்தண்ணீரில் கரைந்தது.

"அய்யய்யோ ஆச்சி, அதத் திருப்பிக் குடுத்திருந்தாலாவது நா வேற கடைக்கு..." என்று பலவேசம் ஆரம்பித்தார்.

"அதுக்குத்தாம்லே கவுத்தேன்."

பிறகு வாசலில் நின்று, அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னார்.

"இன்னைக்குப் பால் சரியில்ல. கருப்பட்டிக் கடுங்காப்பிதான் உண்டு. வேணுங்கவங்க நில்லுங்க."

பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, "சர்க்கார் சர்ட்டிபிகேட்டு மாட்டி வச்சிருக்கீங்க, பெறகு பால் எப்படிச் சரியில்லாமப் போகும்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார்.

அத்தை படத்தின் முன்னால் போய் நின்றார். பூவை எடுத்தார். ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு அவரிடமே காட்டினார்.

"இது என் மக நின்னு பாத்து வாங்குன பாலுக்கு எழுதுனதுய்யா. அந்தப் பாலுக்கு இது சரி. இன்னைக்கு வந்தது பலவேசம் பாலு. இத அதுக்கு மேல மாட்டுனா என் மகளுக்கு அவமானம்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடுங்காப்பி கேட்டார்.

கபீர் நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, அப்ப என் பழத்துக்கும் பாஸ் போச்சா?"

"ஒம் பழத்த நீதாம்லே தெனமும் பாக்கணும். அழுகினத அடியில வச்சு மூடாத."

நான் அத்தையிடம் அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன் படிக்காமல் விட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்சிருந்தாலும் எனக்கு அன்னைக்கு ஏறிருக்காது மாப்ள," என்றார். "அவளுக்கு மட்டும் ஏறிருக்கும். அவ அந்தச் சீட்டு வந்த மறுநாளும் மீட்டரப் போட்டாள்ல?"

போட்டாள். எனக்கு ஞாபகம் இருந்தது. சீட்டு வந்ததற்காக ஒரு நாள்கூட அவள் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கடை வாசலில் இரண்டு பசுக்கள் நின்றன. பலவேசத்தை மாட்டோடு வரச் சொல்லியிருந்தார் அத்தை. இலஞ்சியிலிருந்து சாரலில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அருவிக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பலவேசத்தின் குடத்தைக் கவிழ்த்து, உள்ளே தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகே கறக்கவிட்டார். மாட்டின் மடியைக் கழுவ வெந்நீர் கொடுத்தார். பலவேசம் இப்படி ஒரு மரியாதை தன் மாட்டுக்குக் கிடைத்ததே இல்லை என்றார்.

மீட்டரை அத்தையே விட்டார். எண்களை அவருக்குப் படிக்கத் தெரியும். குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"இருபத்தஞ்சு. ஏலே, எங்கிட்டுலே ஊத்துன? நா பாத்துக்கிட்டுத்தான நின்னேன்!"

"எம் மாட்டு மேல சத்தியமா ஆச்சி!"

"அத்தை, பொறுங்க," என்றேன். "கறந்த சூட்டுல குறைச்சுக் காட்டும். நுரையும் இருக்கு. ஆறட்டும்."

"அவ வந்த பால எறக்கி வச்சிட்டுக் கோலம் போடப் போவா. எதுக்குன்னு நா கேட்டதில்ல," என்றார்.

செம்பைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பலவேசமும் குத்தவைத்துக் காத்திருந்தார். அரை மணி கழித்து அத்தை மறுபடி விட்டார். கண்ணைத் தண்டுக்கு நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இருபத்தொம்போது."

அடுப்புக்குப் பின்னாலிருந்து சிலேட்டை எடுத்து வந்தார். அதில் 28 என்று சுந்தரியின் கையெழுத்து இன்னும் இருந்தது. எட்டு மாதமாக யாரும் அழிக்கவில்லை. அத்தை ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது அது அழிந்து, கோணலாக 29 எழுதியிருந்தது. சிலேட்டைத் தாள் தொங்கிய ஆணியில் மாட்டினார். முருகனுக்குப் பக்கத்தில்.

"இதுக்குப் பூ வேண்டாம்," என்றார். "தெனமும் அழிக்கணும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று பாட்டிலும் அரக்கும் மெழுகுவத்தியும் கொண்டுவந்திருந்தார். முதலில் சுவரைப் பார்த்தார். சிலேட்டைப் பார்த்தார். அன்றைக்கு அதில் 28.

"இது என்ன எண்ணும்மா?"

"பாலு."

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

சாம்பிள் எடுக்கக் கரண்டியை விட்டபோது அத்தை கையைத் தடுத்தார். எனக்கு ஒரு கணம் பயமாகிவிட்டது.

"அடியில இருந்து கலக்கி எடுங்கய்யா. ஆடை மேல நிக்கும். மேலாப்புல எடுத்தா எங்களுக்கு நல்லதா வரும். அது கள்ளம்."

அவர் சிரித்துவிட்டார். கலக்கி எடுத்தார். மூன்று பாட்டிலிலும் பால் கெடாமலிருக்க மருந்துச் சொட்டு விட்டு, மூடி, அரக்கு வைத்தார். சட்டப்படி ஒன்றை அத்தையிடம் கொடுத்தார். டம்ளர் கழுவும் தொட்டியைப் பார்த்தார். ஈரத்துணி எங்கே உலர்த்துகிறீர்கள் என்று கேட்டார். எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "எல்லாக் கடையிலயும் நான் சாம்பிள் எடுக்கப் போறப்ப சண்டைதான் நடக்குது. இங்கதான் எனக்கே சொல்லிக் குடுக்காங்க," என்றார்.

"சண்ட நானும்தான் போட்டேன்," என்றார் அத்தை. "போன சனிக்கெழம."

அறிக்கை வர ஆவணி ஆகிவிட்டது. சீசன் முடிந்திருந்தது. அருவியில் தண்ணீர் மெலிந்து, சாலை காலியாக இருந்தது. காலை பஸ்ஸில் நான் நகலைக் கொண்டுபோனேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"படிங்க மாப்ள. ஒரு வரி விடாம."

படித்தேன். தேதி, பாட்டில் எண், அரக்கு முத்திரை சரி, கொழுப்பு, திடப்பொருள், தண்ணீர் கலந்த அறிகுறி இல்லை. கடைசி வரியையும் படித்தேன். இவ்வறிக்கை பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே உரியது.

"சரியாத்தான் எழுதிருக்காங்க," என்றார். தாளை நான்காக மடித்தார். தகரப் பெட்டியில் லைசென்ஸுக்கு அடியில், பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கபீர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கண்ணாடி போடலையாக்கா? இந்தத் தடவ நா வாங்கித் தாரேன்."

"அது போன மாசத்துப் பாலுக்குலே."

"அப்ப இன்னைக்குப் பாலுக்கு யாரு எழுதிக் குடுக்கா?"

அத்தை சிலேட்டைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்தார்.

"நாந்தான். இருபத்தொம்போது."

என் முன்னால் டம்ளரை வைத்தார். குடித்தேன். நல்ல காப்பி. திக்காக, கொஞ்சம் கசப்பாக, நாக்கின் ஓரத்தில் பால் தெரிந்தது. ஏழரை பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னொரு டம்ளர் கொடுங்க அத்தை," என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாலை அடுப்பில் வைத்தார்.